‘கிவ்’ என்னும் ஒரு சிறுசொல்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் நெடுஞ்சொற்களைக் கண்டு அஞ்சுவர். சிறுசொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. நான்கைந்து அசைகளாலாகிய சொல்லொன்று பாடத்தில் வருமாயின், அதனைக் குறித்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் பொருளை மனப்பாடஞ் செய்வர். ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’, ‘கிவ்’ முதலிய சொற்களையோ, முதல் வகுப்பிலேயே கற்று முடித்துவிட்டோம் என்று கருதிக் கடந்து செல்வர். யாமும் ஒருகாலத்து அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்துப் பிழையென்பதை எமக்கு முதலில் உணர்த்தியது அகராதியன்று. எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியேயாம். அதனை முன்னிட்டு, ‘கிவ்’ என்னும் வினைச்சொல்லைப்பற்றி யாம் அறிந்த சிலவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

யாம் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்து, ‘என் குடும்பம்’ என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தனர். எம் தந்தையார் அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்னரே இறைவனடி சேர்ந்திருந்தனர். அக்காலை எட்டாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்த எம் தமையனார், தம் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, தந்தையாரின் தறிக்குழியில் இறங்கினார். அவர் நெய்த சேலைகளின் கூலியே எமக்குப் பள்ளிச் சம்பளமும் சட்டையும் புத்தகமுமாயிற்று. இதனை எழுத விரும்பிய யாம், ‘படிப்பை விட்டுக்கொடுத்தார்’ என்பதற்கு நேராக ‘கிவ் அப்’ என்னுந் தொடரை அமைத்து, எம் தமையனார் எட்டாம் வகுப்போடு படிப்பை அவ்வாறு செய்தனர் என்று எழுதி முற்றுப்புள்ளியும் இட்டோம். யார்பொருட்டு என்பதை எழுதினோமல்லேம். கொடுத்தல் என்னும் பொருள்தான் அச்சொல்லினுள்ளேயே இருக்கின்றதே, அதற்குமேல் விளக்கம் எதற்கு என்று எண்ணினோம்.

சுவடி திரும்பி வந்தபோது, அவ்வாக்கியத்தின் பக்கத்தில் செம்மையினால், ‘வருந்தத்தக்கது, நீயும் அவரைப்போல் ஆகிவிடாதே’ என்னுங் கருத்தமைய ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. தறி ஓய்ந்தபின் விளக்கடியில் அமர்ந்து எம் சுவடிகளைப் புரட்டிப் பார்ப்பது தமையனாரின் நாள்வழக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவிற்கு ஆங்கிலம் அவருக்கு எஞ்சியிருந்தது. அன்று இரவு அவ்வரியை அவர் இருமுறை படித்தார். பின்னர்ச் சுவடியை மூடி எம் கையில் தந்து, “உன் வாத்தியார் நல்லதைத்தான் எழுதியிருக்கிறார், தம்பி, அப்படியே நட” என்று கூறி எழுந்து சென்றார். வேறொன்றுஞ் சொல்லவில்லை.

ஆசிரியர்மேற் குறையில்லை. எம் இல்லத்தின் நிலைமையை அவர் அறியார். யாம் எழுதிய ஆங்கிலம் என்ன பொருள் தருமோ அதனையே அவர் கொண்டார். குறை எம்முடையது. ‘கிவ்’ என்றால் ‘கொடு’ என்று முதல் வகுப்பிற் கற்றதோடு நின்றுவிட்டமையால், அன்புமிக்க ஒரு தியாகச் செயலைச் சோம்பேறியொருவனின் செயலாக எழுதிவிட்டோம். மறுநாள் ஆசிரியரிடஞ் சென்று திருத்திக் கூறவும் எமக்குச் சொல் இருந்திலது. அற்றைநாள் முதலாக அச்சிறுசொல் எம் மனத்தை விட்டு அகன்றிலது.

அகராதி தொகுத்த அறிஞர்கள் சிறுசொற்களிடத்துப் பட்ட பாட்டைப் பின்னர் அறிந்து சிறிது ஆறுதல் பெற்றோம். சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் ‘டேக்’ என்னும் ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்கள் வகுத்தனர். இலண்டன் மொழியாராய்ச்சிக் கழகத்தார் 1857-இல் எண்ணித் துணிந்த பேரகராதி, ஜேம்ஸ் மரே என்பவரை 1879-இல் ஆசிரியராகப் பெற்று, 1884-இல் முதற்பகுதி வெளிவந்து, 1928-இல் முற்றுப்பெற்றது. மரே 1915-இலேயே காலஞ்சென்றமையால் முடிவைக் கண்டாரல்லர். ஆக்ஸ்போர்டு அகராதி என இன்று வழங்கும் அந்நூலில், ‘செட்’ என்னும் மூன்றெழுத்து வினை 400-க்கு மேற்பட்ட பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. நெடுஞ்சொல் ஒரு தொழிலையே செய்யும். சிறுசொல்லோ வீட்டில் மூத்த பிள்ளையைப்போல் எல்லாத் தொழிலையுஞ் செய்யும்.

‘கிவ்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று. ஆயினும், அதன் இன்றைய ஒலி முழுவதும் ஆங்கிலர்க்கு உரியதன்று. பழைய ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து யகரவொலி பெற்று, ஏறக்குறைய ‘யிவ்’ என்பதுபோல் ஒலித்தது. 1400-இல் மறைந்த புலவர் சாஸர் காலத்தும் அவ்வொலி வழங்கிற்று. ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி இங்கிலாந்தின் வடக்கிலுங் கிழக்கிலுங் குடியேறிய வடபுல மக்களின் மொழியிலிருந்தே ககரவொலி அதற்கு வந்து வாய்த்தது. கொடுத்தல் என்னுஞ் சொல்லின் ஒலியையும் ஆங்கிலர் பிறரிடமிருந்து பெற்றனர் என்பது நகைச்சுவை பயப்பது. ‘கிஃப்ட்’ என்னும் பெயரும் இவ்வினையோடு பிறந்ததே. அதே சொல் ஜெர்மன் மொழியில் இன்று நஞ்சு என்று பொருள்படும். முன்னர் அம்மொழியிலும் கொடை என்ற பொருளே இருந்தது. மருந்தாகவும் பின்னர் நஞ்சாகவும் ‘கொடுக்கப்படுவது’ என்னும் வழியாற் பொருள் திரிந்தது. மணமகளோடு அனுப்பும் சீதனத்தைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்னும் ஜெர்மன் சொல்லில் பழம்பொருள் எஞ்சியுள்ளது. கொடுக்கப்படும் யாவும் நன்மையல்ல என்பதற்கு இச்சொல்வரலாறே சான்று.

இனி, ஒரு பொருள் குறித்த பல சொற்களை நோக்குவோம். பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் தம் எழுபத்து மூன்றாம் வயதில், 1852-ஆம் ஆண்டில், ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டனர். இம்முறை நமக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் பல நூற்றாண்டுகட்கு முன்னரே இப்பணியைச் செய்தன. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியும், ஒரு சொல்லின் பல பொருளைப் பெயரகராதியிலும், ஒரு பொருளின் பல சொல்லைப் பொருளகராதியிலும் பிரித்து வைத்தது. ஆயினும், இத்தகைய நூல்களைப் பயன்படுத்தும் மாணாக்கர் ஒன்றை மறத்தலாகாது. ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் ஒன்றற்கொன்று உறவினவேயன்றி ஒன்றே அல்ல.

‘கிவ்’ என்பதன் உறவினர் பலர். ‘கிராண்ட்’ என்பது, ஒருவர் வேண்டிக்கொள்ள, அதிகாரமுடையார் இசைந்து அளித்தலைக் குறிக்கும். ‘கன்ஃபர்’ என்பது பல்கலைக்கழகம் பட்டம் வழங்குதல்போல், மேலிருந்து சிறப்பு இறங்குதலைக் காட்டும். ‘டொனேட்’ என்பது பொதுக் காரியத்திற்கு நன்கொடை தருதல். ‘பிரசென்ட்’ என்பது அவையறிய முறைப்படி கையளித்தல். ‘எண்டௌ’ என்பது நம் முன்னோர் அறக்கட்டளை வைத்ததுபோல், நிலைத்த வருவாயோடு ஈதல். ‘ஆஃபர்’ என்பதோ கையை நீட்டுதல் மட்டுமே. பெறுவோர் ஏற்கலாம், மறுக்கலாம். இவற்றுட் பெரும்பாலன 1066-ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப்பின் பிரெஞ்சு வழியாகவேனும் இலத்தீன் வழியாகவேனும் வந்தவை. அதனால் அவை அவைக்கும் ஆவணத்திற்கும் உரியனவாயின. தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பதும், அயலார் நெருப்புக் கொடுப்பதும் ‘கிவ்’ என்பதனாலேயே சொல்லப்படும். தாய் தன் மகவுக்குப் பாலை ‘டொனேட்’ செய்தாள் என்று எழுதினால் ஆங்கிலர் நகைப்பர்.

விடுமுறை வேண்டி விண்ணப்பம் எழுதும் மாணாக்கன், தலைவரை நோக்கி ‘கிவ்’ என்று எழுதுவதினும் ‘கிராண்ட்’ என்று எழுதுதல் சிறக்கும் என்பதன் காரணமும் இதுவே. இந்நயம் தமிழர்க்கு எளிதில் விளங்கற்பாலது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற்பொருளில் வருமிடத்து, தாழ்ந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றுங் கூறுதல் மரபென்று தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தனர். நன்னூலாரும் அதனைப் போற்றினர். கேட்போன் யாவன், கொடுப்போன் யாவன் என்பதைச் சொல்லே காட்டிவிடும். அன்றியும், எனக்கும் உனக்குமாயின் ‘தருதல்’, அவனுக்காயின் ‘கொடுத்தல்’ என்னும் இடவரையறையும் தொல்காப்பியத்துள் உண்டு. தமிழில் அவ்வரையறை தளர்ந்துபோயிற்று. மலையாளத்தில் இன்றும் வழுவாது நிற்கின்றது. ஆங்கிலத்து ‘கிவ்’ என்பதோ எனக்கும் உனக்கும் அவனுக்கும் ஒன்றே.

அன்றாட வழக்கில் இவ்வினை தன் பொருளை முற்றும் இழந்து, வெறும் துணையாய் நிற்பதும் உண்டு. ஒருவன் சிரிப்பதை, சிரிப்பொன்று கொடுத்தான் என்றும், கதவைத் தள்ளுவதை, தள்ளொன்று கொடுத்தான் என்றும் ஆங்கிலர் கூறுவர். இதனைத் தமிழிற் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழும் கெடும், பொருளும் கெடும். ஆயினும் நமக்கும் இவ்வழக்கு முற்றும் இல்லாததன்று. குரல் கொடுத்தல், முத்தங் கொடுத்தல், தோள் கொடுத்தல் என்பவற்றில் யாதொரு பொருளுங் கைம்மாறுவதில்லை. தேர்வைப்பற்றிய வழக்கும் சுவையுடையது. இங்கிலாந்தில் தேர்வைக் ‘கொடுப்பவர்’ ஆசிரியர், ‘எடுப்பவன்’ மாணாக்கன். வடஇந்திய மாணாக்கனோ, இந்தி வழக்கைப் பின்பற்றித் தான் தேர்வைக் கொடுத்ததாக ஆங்கிலத்திற் கூறுவான். தமிழ் மாணாக்கன் தான் தேர்வை எழுதியதாகக் கூறுவான். ஒவ்வொருவனும் தன் தாய்மொழியின் ஆடையையே ஆங்கிலத்திற்கு உடுத்துகின்றனன்.

மாணாக்கரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன, இவ்வினையோடு சிறு இடைச்சொற்கள் சேர்ந்து வரும் தொடர்களாம். ‘கிவ் இன்’ என்பது எதிர்த்து நின்றவன் இணங்குதல். ‘கிவ் வே’ என்பது வழிவிடுதல். இங்கிலாந்தின் சாலைகளில் தலைகீழான முக்கோணப் பலகையில் இத்தொடரே எழுதப்பட்டிருக்கும். பாலம் இற்று வீழ்தலையும் இதுவே குறிக்கும். ‘கிவ் அவுட்’ என்பது பலர்க்குப் பகிர்ந்தளித்தலும், வலிமை தீர்ந்துபோதலுமாம். ‘கிவ் அவே’ என்பது விலையின்றி அளித்தலையும், திருமணத்தில் மகளைக் கையளித்தலையும், மறைபொருளை வெளிப்படுத்திவிடுதலையும் ஒருங்கே குறிக்கும். ஒரு தொடரின் பொருளை மட்டும் அறிந்தவன் மற்றைப் பொருளில் அது வருங்கால் மயங்குவான்.

இவை ஆங்கிலத்தின் கொடுமை என்று நம்மவர் முறையிடுவதுண்டு. தமிழை அயலான் கற்கும்போது படும் பாட்டை அவர் நினைத்துப் பார்த்தாரல்லர். நம் ‘கொடு’ என்பதும் இவ்வாறே பல வேடம் பூண்கின்றது. சொல்லிக்கொடுத்தல் கற்பித்தலாம், பறிகொடுத்தல் இழத்தலாம், பிடிகொடுத்தல் அகப்படுதலாம், ஈடுகொடுத்தல் சமமாய் நிற்றலாம், வாயைக் கொடுத்தல் வீண்வம்பை விலைக்கு வாங்குதலாம். பணப்பையைத் திருடனிடம் ‘பறிகொடுத்தவன்’ யாதுங் கொடுத்தானல்லன், அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. காட்டிக்கொடுத்தலோ, காட்டுதலும் கொடுத்தலும் ஆகிய இரண்டு நற்செயல்கள் சேர்ந்து பிறந்த ஒரு தீச்செயல்.

இக் காட்டிக்கொடுத்தலைப்பற்றி ஒன்று கூறாது செல்லுதல் எமக்கு இயலவில்லை. இலத்தீனில் ‘கைமாற்றிக் கொடுத்தல்’ என்னும் ஒரு வினை உண்டு. முன்னோர் பின்னோர்க்கு வழிவழியாகக் கொடுத்து வரும் மரபைக் குறிக்கும் ‘டிரடிஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், நம்பினோரைக் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் ‘டிரெய்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வொரு வினையினின்றே பிறந்தன. கிரேக்க மொழியிலும் நிலை அஃதே. பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், தாம் பெற்ற உபதேசத்தைச் சபையார்க்கு அளித்ததையும், ஆண்டவர் பகைவர் கையில் அளிக்கப்பட்டதையும் ஒரே வாக்கியத்தில் ஒரே வினையாற் குறித்தனர். தமிழ் வேதாகமத்தார் முன்னதை ஒப்புவித்தல் என்றும், பின்னதைக் காட்டிக்கொடுத்தல் என்றும் பிரித்து மொழிபெயர்த்தனர். செயல் ஒன்றே, ஒன்று நம்பிக்கையை வளர்த்தது, மற்றொன்று நம்பிக்கையைக் கொன்றது. எதனைக் கொடுத்தான், எவர் கையிற் கொடுத்தான், எவர்பொருட்டுக் கொடுத்தான் என்பவற்றாலன்றிக் கொடுத்தல் என்னும் வினையால் மட்டும் ஒருவனை அளத்தல் கூடாது.

இனி, எம்மைப் பிழைப்படுத்திய ‘கிவ் அப்’ என்னும் தொடருக்கு மீள்வோம். இதிலுள்ள ‘அப்’ என்பது மேல்நோக்குதலைக் குறியாது, முழுதுமாதலைக் குறிக்கும்; பாலை ஒரு துளியும் எஞ்சாமற் பருகுதலை ‘டிரிங்க் அப்’ என்பதுபோல. ஆகவே, ‘கிவ் அப்’ என்பது முழுவதுங் கைவிடுதல். குடிகாரன் குடியைக் கைவிடுதலும் இதுவே. மருத்துவன் நோயாளியைக் கைவிடுதலும் இதுவே. போரிற் கோட்டையைப் பகைவனிடம் ஒப்படைத்தலும் இதுவே. நெரிசலில் நிற்கும் முதியவளுக்கு இளைஞன் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தலும் இதுவே. முதலதில் நன்மை, இரண்டாவதில் துயரம், மூன்றாவதில் தோல்வி, நான்காவதில் அன்பு. இவற்றை வேறுபடுத்துவது வினையன்று. யார்பொருட்டு என்னுங் குறிப்பேயாம். முதியவளைச் சொல்லாது விட்டால், இளைஞன் தன் இருக்கையை இழந்தவனாகவே தோன்றுவான். யாம் விட்டுவிட்டது அக்குறிப்பையே. எம் வாக்கியத்தில் தமையனார் இருந்தனர், படிப்பு இருந்தது, யாம் இருந்தோமல்லேம்.

இச்சொல்லுக்கு ஏவலும் இலக்கும் வேண்டாத ஒரு பொருளும் உண்டு. கயிறோ, தோலோ, மரப்பலகையோ விசைக்கு இசைந்து சிறிது நெகிழுமாயின், அது ‘கிவ்’ செய்கின்றது என்று ஆங்கிலர் கூறுவர். யாதொன்றையும் எவர்க்குங் கொடாத இக்கொடுத்தலை நாமும் வளைந்துகொடுத்தல் என்கின்றோம். இதன் பொருளை எமக்கு விளக்கியது தமையனாரின் தறியே. பாவிழைக்குக் கஞ்சியிட்டு வலுவேற்றுவர். ஆயினும், மிதியடியை மிதிக்குந்தோறும் இழைகள் மேலுங்கீழும் பிரியுமாதலின், அவை சற்று நெகிழ்ந்துகொடுத்தல் வேண்டும். கஞ்சி மிகுந்து விறைத்த இழை அறும். கஞ்சி குறைந்த இழை தேயும். உறுதியும் நெகிழ்ச்சியும் உடைய இழையே சேலையாகும். குடும்பம் என்னும் பாவில் அத்தகைய இழையாய் நின்றவர் எம் தமையனார்.

யாம் கல்லூரியிற் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், விடுமுறைக்கு ஊர் சென்றபோது, பரணிலிருந்து அப்பழஞ்சுவடியைத் தேடி எடுத்தோம். செம்மை வரி மங்கியிருந்தது. அதன் கீழே, எம் தமையனார் தம் படிப்பைத் தம் தம்பியின்பொருட்டு விட்டுக்கொடுத்தனர் என்னும் பொருளமைய, அதே ‘கிவ் அப்’ என்னும் தொடரோடு ‘ஃபார்’ என்னும் மூன்றெழுத்து இடைச்சொல்லையும் எம்மையும் சேர்த்துத் திருத்தி எழுதினோம். ‘சாக்ரிஃபைஸ்’ என்னும் பெருஞ்சொல்லை இடலாமோ என்று முதலில் எண்ணினோம். புனிதமாக்குதல் என்னும் வேர்ப்பொருளுடைய நற்சொல் அது. எனினும், தறிக்குழியில் முழங்கால் மறைய அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அச்சொல் பிறர் தைத்த பட்டுச்சட்டைபோற் பொருந்தாது தோன்றிற்று. சிறுசொல்லே அவருக்குத் தகும் என்று விட்டோம்.

இரவு விளக்கடியில் அதனை அவர் கையிற் கொடுத்து, “அண்ணா, அன்று எழுதியது பிழை. இப்பொழுது சரியாக எழுதியிருக்கிறேன்” என்றோம். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துச் சிறிதுநேரம் வாளா இருந்தார். பின்னர், “இந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று எம்மைக் குறித்த சொல்லைச் சுட்டி வினவினார். அறியாமல் வினவினாரோ, எம் வாயாற் கேட்கவேண்டி வினவினாரோ, இன்றளவும் அறியேம். கூறினோம். “நான் எதையும் கொடுத்துவிடவில்லை, தம்பி. படிப்பு நம் வீட்டிலேதானே இருக்கிறது” என்று சொல்லிச் சுவடியைத் தம் நூற்பெட்டியுள் வைத்துக்கொண்டார். எமக்கு அதனைத் திருப்பித் தந்தாரல்லர்.

மாணாக்க நண்பர்களே! இக் கல்லூரியிற் பயிலும் நம்முள் ஒவ்வொருவர்க்கும் பின்னே, எதையேனும் விட்டுக்கொடுத்த ஒருவர் தாயாகவோ, தமக்கையாகவோ, தமையனாகவோ இருப்பர். அவர்தம் செயலை எழுதவேண்டிய நாளில், பெருஞ்சொல் தேடி அலையற்க. நாளும் வழங்கும் சிறுசொல்லே போதும். ஆனால் அவ்வாக்கியத்தில் ‘யார்பொருட்டு’ என்னும் இடத்தை வெறுமையாக விட்டுவிடாது, நம் பெயரை அங்கே எழுதுதல் நம் கடன்.